வேர் விடாத போத்தும் விரல் விரித்த பருத்தியும்: ஆக்சின் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் களைவது எப்படி?

காரமடைப் பக்கம் சிறிய நாற்றுப் பண்ணை ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஒருவர் பாலித்தீன் பைக்குள் வாடிய கொப்பு ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்பார். "இதற்கு என்ன டானிக் அடிக்கலாம், அண்ணா?" என்பதுதான் முதல் கேள்வி. மண் என்ன, தண்ணீர் எப்போது விட்டது, பக்கத்துக் காட்டில் என்ன தெளித்தார்கள் என்பதெல்லாம் நான் தோண்டித் தோண்டிக் கேட்டால்தான் வரும்.

டானிக் என்ற பெயரில் மருந்துக் கடையில் கிடைக்கும் பாட்டில்கள் சிலவற்றில் உரமே இருக்காது. ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கிதான் இருக்கும். உரம் சோறு மாதிரி. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் செடி சமாளித்துக்கொள்ளும். ஆக்சின் சேதி மாதிரி. எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு உரக்க வந்தது என்பதைப் பொறுத்து, ஒரே சேதிக்கு வேர் ஒரு விதமாகவும் தண்டு வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்: இந்தச் செடியில் ஆக்சின் எங்கே உண்டாகிறது, எந்தத் திசையில் ஓடுகிறது, வழியில் எது குறுக்கே வந்தது? பாட்டிலைத் திறப்பது அதற்குப் பிறகு.

குச்சி துளிர்க்கிறது, வேர் மட்டும் இல்லை

நட்ட பத்தாம் நாள் இரண்டு பச்சை இலை எட்டிப் பார்க்கும். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவோம். இருபதாம் நாள் அந்த இலை தொங்கிவிடும். பிடுங்கிப் பார்த்தால் அடிப்பக்கம் வெட்டிய நாளில் இருந்தபடியே மொட்டையாக இருக்கும். அந்தத் துளிர் குச்சிக்குள் முன்பே சேர்ந்திருந்த மாவுச்சத்தில் வந்தது. அதை வைத்து வேர் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

வேர் ஏன் வரவில்லை என்பதற்கு, வந்தால் எப்படி வந்திருக்கும் என்று தெரிய வேண்டும். செடி தன் ஆக்சினைத் தானே செய்துகொள்கிறது. மூலப்பொருள் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் இருக்கிற அதே பொருள்தான். இரண்டே படி. முதல் நொதி டிரிப்டோஃபானை இண்டோல் பைருவிக் அமிலமாக மாற்றுகிறது. யுக்கா என்று பெயரிடப்பட்ட நொதிக் குடும்பம் அதை இண்டோல் அசிட்டிக் அமிலமாக, சுருக்கமாக ஐ.ஏ.ஏ. ஆக, முடித்துக் கொடுக்கிறது. ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் வெவ்வேறு வழிகளைச் சொல்லி வாதாடிய பிறகு, இந்த இரண்டு படிதான் முக்கியப் பாதை என்பது 2011இல்தான் உறுதியானது. பட்டறை பெரும்பாலும் நுனிக் கொழுந்திலும், விரிந்துகொண்டிருக்கும் இளம் இலையிலும், வளரும் விதையிலும் இருக்கிறது. முற்றிய இலையில் உற்பத்தி மிகக் குறைவு.

செய்த ஆக்சின் செல்லுக்குச் செல் கைமாறித் தண்டின் வழியே கீழே இறங்குகிறது. வேகம் ஏறக்குறைய மணிக்கு ஒரு சென்டிமீட்டர். கீழே மட்டும் இறங்குவதற்குக் காரணம் ஒரு நல்ல எலிப்பொறி ஏற்பாடு. செல்சுவர்ப் பகுதி புளிப்பானது, செல்லின் உட்புறம் அப்படியல்ல. சுவரில் இருக்கும்போது ஆக்சினில் ஒரு பகுதி மின்னூட்டம் இல்லாமல் இருப்பதால் சவ்வைக் கடந்து உள்ளே நழுவிவிடும். உள்ளே போனதும் மின்னூட்டம் ஏறி, திரும்ப வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். வெளியேற ஒரே வழி 'பின்' (PIN) என்ற புரதத்தால் ஆன வாசல்கள். தண்டுச் செல்களில் அந்த வாசல்கள் கீழ்ப்புறத்தில் வரிசையாக அமைந்திருக்கின்றன. பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். அந்தப் புரதம் கெட்டுப்போன ஒரு ஆய்வுக்கூடச் செடி, பூவே விடாமல் குண்டூசி போல மொட்டைத் தண்டாக நின்றது. அதனால் அந்தப் பெயர்.

குச்சியை வெட்டியதும் கீழே போகும் வழி அறுந்துவிடுகிறது. இறங்கி வந்த ஆக்சின் வெட்டுவாயில் தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் பட்டைக்கு உள்ளே இருக்கும் செல்களை மறுபடி பிரிய வைத்து, வேர் முனைகளாக மாற்றுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

தலைகீழாக நட்டுவிட்டீர்களா? கேலி செய்யவில்லை. மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் மர முருங்கையைப் போத்து வைத்துத்தான் பெருக்குவார்கள். ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் நீளக் கிளை. இலை உதிர்ந்த கிளையை வண்டியில் ஏற்றி இறக்கிய பிறகு அடி எது, நுனி எது என்று அவசரத்தில் தெரியாது. என் பெரியப்பா வேலியோரம் வரிசையாக நட்டதில் சில போத்துகள் கடைசி வரை பிடிக்கவில்லை. மண்தான் சரியில்லை என்று அவர் சாதித்தார். பிடுங்கிப் பார்த்தபோது கணுவடு தலைகீழாக இருந்தது. குச்சியைப் புரட்டி வைத்தாலும் செல்லுக்குள் இருக்கும் வாசல்கள் புரள்வதில்லை. ஆக்சின் பழைய அடிப்பக்கத்தை நோக்கியே, அதாவது இப்போது வானத்தைப் பார்க்கும் முனையை நோக்கியே ஓடும். வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

இலை எல்லாவற்றையும் உருவிவிட்டீர்களா? தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கிறேன் என்று மொட்டையடித்தால், பட்டறையையே மூடிவிட்டதாகும். இளங்குச்சி என்றால் நுனியில் இரண்டு இலையைப் பாதியாக நறுக்கி விட்டுவைத்து, பாலித்தீன் கூடாரத்துக்குள் ஈரக்காற்றில் வைப்பதே நல்லது. பூவும் மொட்டும் இருந்தால் அவற்றைக் கிள்ளிவிடுங்கள். பூ விட்டுக்கொண்டிருக்கும் கிளை வேர் விடத் தயங்கும். சத்தியமங்கலம் வட்டாரத்து மல்லிகை, முல்லையில் குச்சி எடுப்பவர்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வேர் வரவில்லையென்றால்தான் பாட்டில். அதிலும் ஐ.ஏ.ஏ. வாங்க வேண்டாம். வெளிச்சத்தில் கெட்டுப்போகும், செடியின் நொதிகளும் சீக்கிரமே சிதைத்துவிடும். அதன் உறவுக்காரரான இண்டோல் பியூட்டிரிக் அமிலம், ஐ.பி.ஏ., நின்று வேலை செய்யும். செடிக்குள் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக ஐ.ஏ.ஏ. ஆக மாறும். இளங்குச்சிக்கு 500 முதல் 1500 பி.பி.எம்., அரைமுற்றலுக்கு 1000 முதல் 3000, நன்கு முற்றிய கட்டைக்கு அதற்கும் மேலே. 1000 பி.பி.எம். என்பது லிட்டருக்கு ஒரு கிராம். தூளை நேராகத் தண்ணீரில் போட்டால் கரையாது. மேலே மிதந்துகொண்டு உங்களைப் பார்க்கும். முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்துவிட்டு, கலக்கிக்கொண்டே தண்ணீர் சேர்க்க வேண்டும். அடியில் ஒரு அங்குலம், ஐந்து விநாடி முக்கினால் போதும். மிச்சக் கரைசலைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

கற்றாழைச் சாறு, தேன், இலவங்கப்பட்டைத் தூள் என்று சிலர் கொண்டு வருவார்கள். பூசணத்தைத் தள்ளி வைக்க உதவலாம்; வேர் விடவைக்கும் என்று நான் நம்பவில்லை. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் இளநீரில் ஊறவைத்தார். இளநீருக்குத் தாவர ஆய்வுக்கூடங்களில் பெரிய மரியாதை உண்டு, உண்மைதான். ஆனால் அது பெயர் பெற்றது சைட்டோகைனின் என்ற வேறொரு ஊக்கிக்காக. அது கொழுந்து விடச் சொல்லும் சேதி. ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் தளிர் என்பதை ஸ்கூக், மில்லர் இருவரும் 1957இலேயே காட்டிவிட்டார்கள். திசு வளர்ப்பு வாழைக் கன்று செய்யும் கூடங்கள் இன்றும் அந்தத் தராசில்தான் ஓடுகின்றன. போதாக்குறைக்கு, இளநீரின் சர்க்கரைக்குப் பூசணம் விருந்துக்கு வந்துவிடும்.

அடிப்பக்கம் கறுத்து வீங்கியிருக்கிறது, மேலே மொட்டு உறங்குகிறது

இது நேர் எதிரான கோளாறு: அளவு கூடிவிட்டது. "கொஞ்சம் போட்டால் வேர் வரும், நிறையப் போட்டால் நிறைய வரும்தானே?" என்று கேட்பவர்களுக்கு நான் வேர்களைக் காட்டித்தான் பதில் சொல்வேன். வேர் பிறப்பதற்கு ஆக்சின் நிறைய வேண்டும். பிறந்த வேர் நீள்வதற்கோ மிக மிகக் குறைவு போதும். தண்டை நீளச் செய்யும் அளவில் நூறில் ஒரு பங்குகூட வேருக்கு அதிகம். அதற்கு மேல் போனால் வேர் நின்றுவிடும். அதனால்தான் முக்கி எடுத்துவிடுகிறோம். இரவு முழுக்க ஊறவைப்பதென்றால் கரைசல் பல மடங்கு நீர்த்ததாக இருக்க வேண்டும். அளவு மிஞ்சினால் திசு எத்திலீன் வாயுவையும் கூடச் செய்யத் தொடங்கும். முதுமையையும் உதிர்வையும் தூண்டும் இன்னொரு ஊக்கி அது. வீக்கமும் மொட்டு உறங்குவதும் அதோடு சேர்ந்து வருபவை.

சரிசெய்ய வழி: கறுத்த பகுதியை நல்ல திசு தெரியும்வரை வெட்டி, மருந்தில்லாமல் புதிய தென்னை நார்க் கழிவில் மறுபடி வைத்துப் பாருங்கள். நீளம் போதாதென்றால் போகட்டும். குச்சிக்கா பஞ்சம்?

கறுப்பு மேல்நோக்கிப் பரவி நாறினால் அது ஆக்சின் விவகாரம் இல்லை, அழுகல். தண்ணீரைக் குறையுங்கள்.

புதிய இலைகள் மட்டும் விரல் விரலாகச் சுருங்கியிருக்கின்றன

பல்லடம், உடுமலைப் பக்கத்திலிருந்து பருத்திக்காரர்கள் கொண்டுவரும் இலை இது. கை அகலத்துக்கு இருக்க வேண்டியது வெண்டை இலைபோல ஒடுங்கி, நரம்புகள் வெளிறி ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். காம்பு முறுக்கிக்கொண்டிருக்கும். தக்காளியில் வந்தால் இலை பெரணி மாதிரி ஆகிவிடும். வைரஸ் என்று சொல்லி வெள்ளை ஈக்கு மருந்து வாங்கிப் போவார்கள். பணம் போகும், இலை அப்படியே இருக்கும்.

மருந்து வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, கீழே உள்ள பழைய இலைகள் நன்றாக இருக்கின்றனவா? ஆக்சின் பாதிப்பு, அன்றைக்குக் கொழுந்தாக இருந்த இலைகளில்தான் வடிவம் மாற்றும். தத்துப்பூச்சியாக இருந்தால் ஓரம் மஞ்சளாகிச் சிவந்து குவியும், இலையைப் புரட்டினால் பூச்சியே ஓடும். இரண்டு, காட்டின் ஒரு ஓரத்தில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கிறதா? மூன்று, வரப்பில் உள்ள பார்த்தீனியமும் மற்ற அகல இலைக் களைகளும் முறுக்கிக்கொண்டிருக்கின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் காற்று வந்த திசையில் யார் மக்காச்சோளமோ கரும்போ வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

அங்கே களைக்கொல்லியாகத் தெளித்திருப்பது பெரும்பாலும் 2,4-டி. அதுவும் ஒரு செயற்கை ஆக்சின்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டது. வளர்க்கும் பொருள் எப்படிக் கொல்லும்?

செல்லின் உட்கருவில் வளர்ச்சி மரபணுக்கள் மேல் சில அடக்கிப் புரதங்கள் உட்கார்ந்து வாயை அடைத்திருக்கும். டி.ஐ.ஆர்.1 என்ற ஏற்பிக்கும் அந்த அடக்கிக்கும் நடுவில் ஆக்சின் பசைபோல நுழைந்து இரண்டையும் ஒட்டவைக்கிறது. ஒட்டிய அடக்கிக்கு அழிவு முத்திரை விழுந்து, செல் அதைத் துண்டாக்கிவிடும். மரபணு வாய் திறக்கும். ஏற்பியை 2005இல் அடையாளம் கண்டார்கள், பசை வேலையை 2007இல் படிக அமைப்பாகவே பார்த்துவிட்டார்கள். இயற்கை ஆக்சின் என்றால், சேதி போதும் என்றதும் செல் அதை அமினோ அமிலத்தோடோ சர்க்கரையோடோ கட்டி ஓரமாக வைத்துவிடும், இல்லையென்றால் உடைத்துவிடும். 2,4-டியை அகல இலைச் செடிகளால் அவ்வளவு எளிதாக அடக்க முடியாது. சேதி நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். இலை, காம்பு, தண்டு எல்லாம் கட்டுப்பாடின்றி வளர்ந்து, எத்திலீன் பெருகி, கடைசியில் செடி தன்னைத்தானே முறித்துக்கொள்ளும். புல்லினப் பயிர்கள் அந்த மருந்தை விரைவாக மாற்றிச் செயலிழக்கச் செய்துவிடும். அவற்றுக்குள் அது பரவுவதும் குறைவு. மக்காச்சோளம் தப்புவதும் பருத்தி தவிப்பதும் அதனால்தான். அகல இலைப் பயிர்களிலும் பருத்தியளவு இதற்குக் கூசுவது அபூர்வம்.

நம் ஊரில் காற்றும் சேர்ந்துகொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி முழுக்க வீசி ஆவணியிலும் ஓயாது. காற்றாலை சுற்றும் அதே காற்றில் கைத்தெளிப்பானின் சாரல் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆவணியில் விதைத்த பருத்தி மூன்று நான்கு இலையோடு நிற்கும் சமயம் பார்த்துப் பக்கத்து மக்காச்சோளத்துக்குக் களை மருந்து அடிப்பார்கள். அந்த 2,4-டி எஸ்டர் வகை என்றால் இன்னும் மோசம். தெளித்த பிறகும் வெயிலில் ஆவியாகி நகரும். அமைன் உப்பு, சோடியம் உப்பு வகைகள் அந்த அளவுக்கு ஆவியாவதில்லை. காற்று அடங்கிய விடிகாலையில், பெரிய துளி விழும் முனையை மாட்டி, தாழப் பிடித்துத் தெளிக்கச் சொல்லிப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. பிறகு சண்டை போட்டால் உறவு கெடும், இலை விரியாது.

காட்டில் ஒரு சீரான ஓரம் தெரியாமல் அங்கங்கே திட்டுத் திட்டாகவோ தெளித்த வரிசை முழுக்கவோ இருந்தால், குற்றவாளி உங்கள் தெளிப்பானாக இருக்கலாம். எனக்கு நேர்ந்தது அதுதான். மைத்துனரிடம் இரவல் வாங்கிய தெளிப்பானில் மிளகாய் நாற்றுக்கு வேப்பெண்ணெய் தெளித்தேன். தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசியிருந்தேன், அது போதும் என்று நினைத்தேன். நான்காம் நாள் நாற்று முழுவதும் நத்தைபோலச் சுருண்டு கிடந்தது. வேப்பெண்ணெய் வியாபாரியைத் திட்டித் தீர்த்த பிறகுதான் மைத்துனர் கரும்புக்குக் களை மருந்து அடித்த கதையைச் சொன்னார். ரப்பர் குழாயும் வடிகட்டியும் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி வீட்டு உபயோக அமோனியா கலந்து, குழாய்க்குள்ளும் ஓடவிட்டு, ஒரு இரவு நிறுத்திவைத்து, மறுநாள் நல்ல தண்ணீரில் பல முறை அலச வேண்டும். அப்படியும் சந்தேகமென்றால் நாலு தக்காளி நாற்றில் தெளித்துச் சில நாள் பாருங்கள். எல்லாவற்றையும் விட மலிவானது, களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொண்டு அதில் சிவப்புச் சாயம் அடித்துவிடுவது.

பட்ட செடிக்கு மாற்று மருந்து கிடையாது. சாரல் லேசாகப் பட்டிருந்தால் அடுத்தடுத்து வரும் இலைகள் மெல்ல இயல்புக்குத் திரும்பும். தண்ணீர் காயவிடாமல் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். குருத்தே கருகியிருந்தால் உழுதுவிட்டு வேறு விதையுங்கள்.

முருங்கை ஒற்றைக் கம்பாக வானத்துக்குப் போகிறது

விதைத்து வளர்க்கும் செடி முருங்கையில் வரும் புகார். இது நோயில்லை, நுனியின் ஆதிக்கம். உச்சிக் கொழுந்திலிருந்து ஆக்சின் தண்டு வழியே இறங்கிக்கொண்டிருக்கும் வரை, பக்கத்து மொட்டுகள் வாய் திறக்காது. மாமியார் கூடத்தில் இருக்கும்போது மருமகள்கள் பேசாமல் இருப்பது மாதிரி என்று என் அப்பாரு சொல்வார். காலம் மாறிவிட்டது, செடி மாறவில்லை.

1930களில் திமானும் ஸ்கூக்கும் அவரைக் குடும்பச் செடியின் உச்சியைக் கிள்ளிவிட்டு, அந்தக் காயத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். உச்சி இல்லாமலே மொட்டுகள் அடங்கிக் கிடந்தன. இதில் வியப்பு என்னவென்றால், ஆக்சின் அந்த மொட்டுக்குள் போய் உட்காருவதே இல்லை. தண்டில் ஓடும்போதே, மொட்டைத் தட்டி எழுப்பும் சைட்டோகைனின் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. உச்சியைக் கிள்ளியதும் இந்தத் தடை நீங்குகிறது. உச்சிக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரையும் பக்க மொட்டுகளுக்குத் திரும்புகிறது.

பி.கே.எம்.1 என்ற செடி முருங்கை ரகத்தில் செடி 75 சென்டிமீட்டர் வந்ததும், அதாவது விதைத்து இரண்டு மாத அளவில், உச்சியைக் கிள்ளிவிட வேண்டும். நகத்தால் கிள்ளும் பதத்தில் இருக்க வேண்டும். "இவ்வளவு அழகாக வளர்கிறதே, கிள்ள மனம் வரவில்லை" என்று ஏழடி வரை விட்டவர்கள் பிறகு அரிவாளோடு ஏணி தேட வேண்டியிருக்கும். முற்றிய தண்டை வெட்டினாலும் கிளைக்கும், ஆனால் வெட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டு மூன்று கிளைதான் பொங்கும், காய் எட்டாத உயரத்தில்.

பருத்திச் சப்பையும் (மொட்டும்) பிஞ்சும் தென்னங்குரும்பையும் உதிர்கின்றன

உதிர்வதற்கு முன் காம்பின் அடியில் ஒரு மெல்லிய முறிவடுக்கு தயாராகிறது. இலையிலிருந்தோ பிஞ்சிலிருந்தோ ஆக்சின் தொடர்ந்து காம்பு வழியே இறங்கும் வரை அந்த அடுக்கு எத்திலீனின் பேச்சைக் கேட்காது. ஓட்டம் குறைந்ததும் கேட்கத் தொடங்கும்; சுவர்கள் கரைந்து காம்பு கழன்றுவிடும். கருவுற்ற விதைதான் பிஞ்சின் ஆக்சின் பட்டறை. மகரந்தம் சேராத பூ உதிர்வதும், தண்ணீர் காய்ந்த வாரத்தில் மிளகாய்ப் பூ கொட்டுவதும் இங்கே வந்து முடிகின்றன.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். அடுத்து வெயில், காய்ப்புழுத் துளை, சாம்பல் சத்து, போரான். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் குரும்பை கொட்டுகிறது என்று பதறுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். பாளையில் உள்ள பெண்பூக்களில் பாதிக்கு மேல் உதிர்வது இயல்பே. அத்தனையும் காயானால் மரம் தாங்காது. போன வருடக் கணக்கோடு ஒப்பிட்டு, வழக்கத்தைவிட அதிகமா என்று பாருங்கள்.

இவை எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம், என்.ஏ.ஏ., தெளிக்கலாம். வெளியிலிருந்து கொடுக்கும் ஆக்சின், பிஞ்சின் பலவீனமான ஓட்டத்துக்கு முட்டுக் கொடுக்கிறது. பருத்திக்கு 40 பி.பி.எம்., விதைத்த 60ஆம் நாளும் 90ஆம் நாளும். மிளகாய்க்கு அவ்வளவு வேண்டாம், 10 பி.பி.எம். போதும். மாவில் பட்டாணி அளவுப் பிஞ்சுக்கு 20. தென்னையில் பாளை வெடித்து ஒரு மாதம் கழித்து அந்தப் பாளைக்கு மட்டும் 20. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 4.5 சதவீதக் கரைசல். மில்லிக்கு 45 மில்லிகிராம். 10 லிட்டர் டேங்குக்கு 40 பி.பி.எம். வேண்டுமென்றால் 9 மில்லி, 10 பி.பி.எம். என்றால் இரண்டேகால் மில்லி. மூடியால் அளக்காதீர்கள். ஊசி போடும் சிரிஞ்ச் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது.

"கூடக் கொஞ்சம் போட்டேன், இருந்ததும் கொட்டிவிட்டது" என்ற புகாரும் வரும். ஆப்பிள் தோட்டங்களில் இதே என்.ஏ.ஏ.வைப் பூ முடிந்த சில நாட்களில் பிஞ்சைக் கலைக்கத் தெளிப்பார்கள். அறுவடைக்கு முன்போ பழம் விழாமல் நிறுத்தத் தெளிப்பார்கள். மருந்து ஒன்றுதான். நாளும் அளவும் மாறினால் வேலை தலைகீழாகிவிடும்.

சுரைக்காய் ஒரு பக்கம் சூம்பி வளைகிறது

காயைக் குறுக்கே வெட்டுங்கள். சூம்பிய பக்கம் விதை இல்லை அல்லது சொத்தை. எந்தப் பக்கம் விதை பிடித்ததோ அந்தப் பக்கச் சதைதான் ஆக்சினை வாங்கி வளரும். நிட்ச் என்ற ஆய்வாளர் 1950இல் ஸ்ட்ராபெரியின் மேலுள்ள விதைகளை எடுத்துவிட்டார், பழம் பருக்கவில்லை. ஆக்சின் தடவினார், பருத்தது. நமக்கு வழி தேனீ. காலையில் பூ திறந்திருக்கும் நேரத்தில் பூச்சி மருந்து அடிப்பதை நிறுத்துங்கள். சுரைப் பூ அந்தியில் விரிவதால் சாயங்காலமும் நிறுத்துங்கள். வீட்டுப் பந்தல் என்றால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிட்டால் போதும்.

முளைத்த நாற்றின் வேர் குட்டையாகத் தடித்திருக்கிறது

விதையை எதில் ஊறவைத்தீர்கள் என்று கேட்பேன். வேர் விடவைக்கும் ஆக்சின் பொடியிலோ டானிக்கிலோ என்றால் காரணம் மேலே சொன்ன நூறில் ஒரு பங்குக் கணக்குதான். பஞ்சகவ்யாவை அப்படியே ஊற்றியவர்களுக்கும் நாற்று குன்றும். கொடுமுடி மருத்துவர் நடராஜன் வழியாக நம் பக்கம் வீடுதோறும் பரவிய அந்தக் கலவையை 3 சதவீதமாக, அதாவது 10 லிட்டருக்கு 300 மில்லியாக நீர்த்துத்தான் தெளிக்க வேண்டும். பசுவின் கோமியத்தை வைத்துக் கிண்டல் செய்பவர்களுக்கு ஒரு தகவல்: ஐ.ஏ.ஏ. என்னும் இந்த ஆக்சினை 1934இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கோகல் குழுவினர் பிரித்தெடுத்ததே மனிதச் சிறுநீரிலிருந்துதான்.

வேர் நன்றாக வேண்டுமென்றால் அசோஸ்பைரில்லம் பொட்டலத்தை நான் நம்புவேன். அந்தப் பாக்டீரியா வேரை ஒட்டி வாழ்ந்துகொண்டு ஐ.ஏ.ஏ.வைத் துளித்துளியாகக் கசியவிடும், பக்கவேர் பெருகும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் கிடந்த பொட்டலத்தில் இருப்பது வெறும் கரித்தூள்.

குழித்தட்டு நாற்று ஒரே பக்கம் சாய்கிறது

கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் திண்ணை இல்லாததால் ஜன்னலோரம் தட்டு வைப்பவர்கள் கேட்பது. டார்வினும் அவர் மகன் ஃபிரான்சிஸும் 1880இல் புல் முளையின் நுனிக்குத் தொப்பி போட்டுப் பார்த்தார்கள். நுனி மூடியதும் முளை வெளிச்சத்தை நோக்கி வளையவில்லை. வளைவது கீழே, பார்ப்பது மேலே. அப்படியானால் மேலிருந்து ஏதோ ஒன்று இறங்க வேண்டும். 1926இல் வென்ட் என்பவர் ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி அகர் என்னும் கூழ்க் கட்டிமேல் வைத்து, பிறகு அந்தக் கட்டியை மொட்டைத் தண்டின் ஒரு பக்கம் வைத்தார். இருட்டிலேயே தண்டு எதிர்ப்பக்கம் வளைந்தது. அந்த 'ஏதோ ஒன்று'க்குத்தான் பிறகு ஆக்சின் என்று பெயர் வந்தது.

நுனியில் உள்ள ஒளியுணர் புரதம் நீல ஒளியைக் கண்டதும் ஆக்சின் நிழல் பக்கம் ஒதுங்குகிறது. அங்குள்ள செல்கள் சுவருக்குள் அமிலத்தைப் பாய்ச்சி, சுவரை இளகவைத்து, தண்ணீர் குடித்து நீள்கின்றன. நிழல் பக்கம் நீள, நாற்று ஜன்னலை நோக்கிச் சாய்கிறது. கோளாறே இல்லை, மருந்தும் வேண்டாம், குச்சி கட்டவும் வேண்டாம். தட்டைத் தினமும் காலையில் அரைச்சுற்று திருப்பி வையுங்கள். சாய்வோடு தண்டும் நூலாக மெலிந்திருந்தால் வெளிச்சமே போதவில்லை. மொட்டைமாடியில் நிழல்வலைக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிடுங்கள், திருப்பும் வேலையும் மிச்சம்.